எச்ஓ அளவில் ஒரு போடி லைன்: வீட்டு ரயில் பாதை நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வீட்டில் மாடல் ரயில் பாதை வைத்திருக்கிறேன் என்று சொன்னதும் முதலில் வரும் கேள்வி, "இன்ஜின் என்ன விலை?" என்பதுதான். சென்னையில், கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், உப்புக்காற்று புகும் ஓர் அறையில் 2016-லிருந்து இதை வைத்துப் பராமரித்து வருகிறேன். இன்ஜினைப் பற்றி நான் கடைசியில்தான் பேசுவேன். பாதை வருடக்கணக்கில் நிற்குமா என்பதை மரமும் வயரும் தூசியும்தான் முடிவு செய்கின்றன. அதனால் இந்த அனுபவப் பகிர்வும் அந்த வரிசையில்தான் போகும்.

முதலில் என்ன கட்டினேன் என்பது. எங்கள் பூர்வீகம் போடிநாயக்கனூர். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடி வரை ஓடிய மீட்டர் கேஜ் ரயில் 2010 டிசம்பரோடு நின்றுபோனது. நான் பலகை அறுக்க ஆரம்பித்தபோது ஊரில் ரயிலே இல்லை. அகலப்பாதை வந்தால் போடி நிலையம் எப்படி இருக்கும் என்று நானே கற்பனை செய்து கட்டினேன். 2022-இல் தேனி வரைக்கும், 2023-இல் போடி வரைக்கும் நிஜ ரயில் வந்துவிட்டது. என் நிலையமும் நிஜ நிலையமும் ஒரே மாதிரி இல்லை. மலை இருக்கும் பக்கம் மட்டும் சரியாக இருக்கிறது, எனக்கு அது போதும்.

ஏன் மீட்டர் கேஜையே செய்யவில்லை என்று கேட்பீர்கள். எச்ஓ என்பது 1:87, அதாவது நிஜ அளவில் 87-இல் ஒரு பங்கு. ஆயிரம் மில்லிமீட்டர் கேஜை (இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவிலுள்ள அகலத்தை) 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை வரும். அதற்காக 12 மி.மீ. பாதை விற்கிறார்கள், ஆனால் அதில் ஓடக் கிடைப்பவை பெரும்பாலும் சுவிட்சர்லாந்து மலை ரயில்கள். நம் மீட்டர் கேஜில் ஓடிய ஒய்டிஎம்-4 டீசல் இன்ஜின் வேண்டுமென்றால் அடிப்பாகம் முதல் கூரை வரை நாமே செய்ய வேண்டும். அகலப்பாதைக்கோ நம் நாட்டிலேயே சில சிறு தயாரிப்பாளர்கள் எச்ஓ அளவில் ஐசிஎஃப் (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை) வகைப் பெட்டிகளும் டீசல் இன்ஜின் மேல்கூடுகளும் செய்கிறார்கள். அதிலும் ஒரு சமரசம் உண்டு. நம் 1676 மி.மீ. அகலப்பாதை 1:87-இல் 19.3 மி.மீ. வர வேண்டும், கடையில் கிடைக்கும் எச்ஓ பாதையோ 16.5 மி.மீ.தான். பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நேர் எதிரே நின்று பார்த்தால் பெட்டி கொஞ்சம் ஒல்லியான காலில் நிற்பது தெரியும். இத்தனை வருடத்தில் அது என்னை உறுத்தியதில்லை.

இடம் இதைவிடப் பெரிய கேள்வி. ஐசிஎஃப் பெட்டி ஒன்று, முனைகளில் மோதலைத் தாங்கும் பஃபரோடு சேர்த்து, 22.3 மீட்டர், எச்ஓ-வில் 25.6 செ.மீ. 24 பெட்டி விரைவு ரயிலை அப்படியே செய்தால் இன்ஜின் இல்லாமலே ஆறு மீட்டரைத் தாண்டும். எந்த ஃபிளாட்டிலும் அதற்கு இடமில்லை. வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்று ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. அதன்படி ஆரம் 77 செ.மீ. வரும். வட்டமாகப் பாதை போட்டால் ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும், அறையின் நடுவில் கட்டில் போட முடியாது. அதனால் சுவரை ஒட்டி எல் வடிவத்தில் 45 செ.மீ. அகலப் பலகை போட்டேன். மூலையில் ஒரே ஒரு வளைவு. ஒரு முனையில் போடி, மறுமுனையில் வண்டிகள் மறைவாக நிற்க நாலு லைன் யார்டு, அதுதான் "மதுரை". ரயில் ஓர் இன்ஜினும் நான்கு பெட்டிகளும், நடைமேடை 125 செ.மீ.

கடைசி நிலையம் என்பதால் வேலைக்குக் குறைவே இல்லை. வண்டி வந்து நின்றதும் இன்ஜினைக் கழற்ற வேண்டும், லூப் லைன் வழியாகச் சுற்றிவந்து மறுமுனையில் மாட்ட வேண்டும், இடையில் சரக்கு வேகன் வந்தால் ஷண்டிங், அதாவது வேகன்களைக் கழற்றி லைன் மாற்றி அடுக்கும் வேலை. வட்டப்பாதையில் ரயில் சுற்றுவதைக் கொஞ்ச நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இதில் ஒரு மாலை முழுக்கப் போய்விடும். சிறிய வீட்டில் ரயில் பாதை கட்ட நினைக்கிறவர்களுக்கு, கடைசி நிலையம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

இப்போது மரம். ஆசாரி எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போடலாம், மட்டமாக இருக்கும் என்றார். சென்னை மழைக்காலத்தில் எம்டிஎஃப் ஓரத்தில் ஈரம் ஏறினால் உப்பும், உப்பியது திரும்ப இறங்காது. ஐஎஸ் 710 முத்திரையுள்ள 12 மி.மீ. பிடபிள்யூபி (கொதிநீரையும் தாங்கும்) ப்ளைவுட் வாங்கி, 120 செ.மீ. நீளத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அடியில் சட்டம் கொடுத்து, துண்டுகளை போல்ட் நட்டு போட்டு இணைத்தோம். வெட்டிய ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் இரண்டு கோட்டிங் பெயின்ட். அன்றைக்கு அந்த அடிப்பக்கத்துப் பெயின்ட் தேவையில்லாத செலவு என்று எல்லோருமே சொன்னார்கள். இன்றுவரை ஒரு துண்டுகூட வளையவில்லை. துண்டு துண்டாகச் செய்ததன் பலன் வீடு மாறியபோது தெரிந்தது: போல்ட்டைக் கழற்றி மினி லாரியில் ஏற்றி, புது வீட்டில் மறுபடி மாட்டினோம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒரே பலகையாகக் கட்டவே கூடாது.

தண்டவாளம் பெக்கோ நிறுவனத்தின் கோட் 75. கோட் 75 என்றால் ரெயிலின் (தண்டவாளக் கம்பியின்) உயரம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 75 பங்கு, அதாவது 1.9 மி.மீ. நம் 60 கிலோ ரெயிலின் உயரம் 172 மி.மீ., 87-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 2 மி.மீ. கண்ணுக்கு அப்படியே நிஜம். பலர் வாங்கும் கோட் 100 இரண்டரை மி.மீ. உயரம், தடித்துத் தெரியும், ஆனால் பழைய இன்ஜின்களின் ஆழமான சக்கர விளிம்பையும் தாங்கும். வண்டியை லைன் மாற்றிவிடும் பாயின்ட்களும் அதே பெக்கோதான். அதில் உள்ள ஸ்பிரிங், அசையும் ரெயில் நாக்கை இரு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் மோட்டாரே இல்லாமல் விரலால் தள்ளி மாற்றலாம். நான் பாதிக்கு மேல் இன்னும் விரலால்தான் மாற்றுகிறேன். ஒன்றுகூடக் கெடவில்லை.

கடற்காற்றில் முதலில் தோற்பது ரெயில் ஜாய்னர். ரெயில் நிக்கல் சில்வர், அதற்குப் பெரிய பாதிப்பில்லை. இரண்டு ரெயிலைச் சேர்க்கும் அந்தச் சின்னத் தகட்டுக்குள் ஈரம் போய்க் கறுத்து, மின்சாரம் கடப்பது மெல்ல மெல்லக் குறையும். இன்ஜின் ஓர் இடத்தில் மட்டும் திணறினால் பெரும்பாலும் அதுதான் காரணம். அதனால் ஜாய்னரை மின்சாரத்துக்கு நம்பவே கூடாது. என் பாதையில் ஒவ்வொரு ரெயில் துண்டுக்கும் தனி வயர் சால்டரிங் செய்து, பலகைக்கு அடியில் ஓடும் 1.5 ஸ்கொயர் எம்எம் வீட்டு வயரில் இணைத்திருக்கிறேன். வலது ரெயிலுக்குச் சிவப்பு, இடது ரெயிலுக்குக் கறுப்பு, கடைசிவரை அதே. அலுப்பான வேலை, முதுகு வலிக்கும். ஆனால் இத்தனை வருடமும் தடங்கலின்றி ரயில் ஓடுவதற்கு இந்த ஒரு வேலைதான் காரணம்.

வெயில் காலத்துக்கு இடைவெளி விடுவதும் முக்கியம். ஏசி போட்ட அறையில் 24 டிகிரி, மதியம் ஏசி இல்லாமல் 36 டிகிரி. மூன்று மீட்டர் ரெயில் இந்த வித்தியாசத்துக்கு அரை மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக நீளும். மரம் ஈரத்துக்கு இதைவிட அதிகமாக அசையும். ஜாய்னரில் ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விட்டால் போதும். நெருக்கிப் போட்டால் மே மாதத்தில் வளைவில் ரெயில் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும்.

கட்டுப்பாட்டுக்கு டிசிசி என்ற டிஜிட்டல் முறை. சாதாரண டிசி முறையில் ரெயிலில் எவ்வளவு வோல்ட் கொடுக்கிறோமோ அதற்கேற்ப அதன் மேல் நிற்கும் எல்லா இன்ஜினும் ஓடும். ஒன்றை நிறுத்திவிட்டு இன்னொன்றை ஓட்ட, பாதையைத் துண்டாக்கி ஸ்விட்ச் வைக்க வேண்டும். டிசிசி-யில் ரெயிலில் எப்போதும் முழு வோல்ட் இருக்கும், கட்டளை அதன் வழியாகவே எண்ணாகப் போகும், இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண் வந்தால் மட்டும் கேட்கும். ஷண்டிங் செய்யும் கடைசி நிலையத்துக்கு இது இல்லாமல் முடியாது. வெளிநாட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் விலையையும் சுங்கவரியையும் பார்த்துவிட்டு நாமே கூட்டிச் சேர்க்கும் டிசிசி-இஎக்ஸ் பக்கம் போனேன். அர்டுயினோ மெகா என்ற சின்ன சர்க்யூட் போர்டு, அதன் மேல் மாட்டி ரெயிலுக்கு மின்சாரம் தரும் மோட்டார் ஷீல்டு, வைஃபைக்கு ஒரு போர்டு, ஒரு பவர் சப்ளை, அதற்கான இலவச மென்பொருள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் எல்லாம் கிடைத்தன. ஆண்ட்ராய்டு போனில் "இன்ஜின் டிரைவர்" செயலியை வைத்து வைஃபையில் ஓட்டுகிறேன். அந்த ஷீல்டில் ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர்தான் உச்சம். இரண்டு மூன்று எச்ஓ இன்ஜினுக்குத் தாராளம், பெரிய பாதைக்குப் போதாது. மலிவு நகல் ஷீல்டு ஒன்று சூடாகி உயிரை விட்டது. மாற்றுவதற்கு ஆன செலவு ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக்கும் குறைவு. விலையுயர்ந்த பெட்டியாக இருந்திருந்தால் கடல் கடந்து சர்வீஸுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். திறந்து பார்த்து நாமே சரிசெய்யக்கூடிய பொருள் என்பது இந்தப் பொழுதுபோக்கில் பெரிய தகுதி.

வயரிங் முடித்தவர்கள் ஒரு சோதனையை மறக்க வேண்டாம். பாதையின் ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு ரெயில் மேலும் படும்படி ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். உடனே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கவில்லையென்றால் அங்கே வயர் போதவில்லை, ரயில் தடம் புரண்டால் டிகோடரோ சக்கரமோ உருகும்.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. போடிக்கு வந்துபோன ஒய்டிஎம்-4, அகலப்பாதையின் டபிள்யூடிஎம்-2, இரண்டிலும் துடித்தது அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் 251 குடும்பத்து டீசல் இன்ஜின்தான். முதலாவதில் ஆறு சிலிண்டர், இரண்டாவதில் பதினாறு. அமெரிக்க ஆல்கோக்களுக்காகப் பதிவு செய்யப்பட்ட 251 சத்தம், சத்தமும் எழுப்பும் லோக்சவுண்ட் டிகோடரில் கிடைக்கிறது. விலை அதிகம். ஆனால் டிகோடரில் வேகம் ஏறுவதையும் இறங்குவதையும் மெதுவாக்கும் சிவி 3, சிவி 4 அமைப்புகளின் எண்களை உயர்த்திவைத்து, இன்ஜின் முதலில் உறுமி, பிறகு தயங்கித் தயங்கி நகர்வதைக் கேட்டால், மதுரை ஜங்ஷனில் நின்றவர்களுக்குப் புரியும். நான் கொடுத்த பணத்தில் மனநிறைவு தந்தது இதுதான்.

பெட்டி தடம் புரள்வதற்கு எடைக் குறைவே முக்கால்வாசிக் காரணம். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ-வின் பரிந்துரை, எச்ஓ-வில் ஓர் அவுன்ஸும் அதோடு பெட்டி நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸும். ஐசிஎஃப் பெட்டிக்கு, பஃபர் நீளத்தை விட்டுக் கணக்கிட்டால், 165 கிராம் வரும். 3டி பிரிண்ட் பெட்டி இதில் பாதிகூட இருக்காது. டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டும் எடைக்கட்டிகளை வாங்கி உள்ளே தரையில் ஒட்டினேன். பிளாஸ்டிக் சக்கரங்களையும் உலோகத்துக்கு மாற்றிவிடுங்கள், பிளாஸ்டிக் சக்கரம் ரெயில் முழுக்க அழுக்கைப் பூசும். பெட்டிகளை இணைக்கும் கப்ளிங், கேடீ நிறுவனத்தின் ஐந்தாம் நம்பர். கழற்ற காந்தம் வைக்கலாம், நான் கூராக்கிய மூங்கில் குச்சியை நடுவில் விட்டுத் திருப்புகிறேன்.

சுத்தம் செய்ய முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் பயன்படுத்தினேன். பளபளக்கும், ஆனால் கறுப்பு சீக்கிரம் திரும்பும். பெயின்ட் கடை ஒயிட் ஸ்பிரிட்டுக்கு மாறிய பிறகு இடைவெளி நன்றாக நீண்டது. துணியில் கொஞ்சமாக நனைத்து, மின்சாரத்தை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவைத்துத் துடைக்க வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும் பொருள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், அந்தக் கீறலில்தான் அழுக்கு குடியேறும். மூடிவைக்கப் பழைய காட்டன் சேலையும் வேண்டாம். நூல் தும்பு சக்கர அச்சில் சுற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் ஷவர் திரை நல்லது.

இயற்கைக் காட்சிக்கு வெளிநாட்டுப் பொருள் எதுவும் தேவையில்லை, இதில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஜல்லிக்கு எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்துப் பரப்பி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டுச் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் போதும். போடிச் செம்மண்ணையே கொண்டுவந்து சலித்து, இரும்புச் சட்டியில் வறுத்தேன், பூச்சி முட்டை இருக்கக்கூடாது. பிறகு பாலிதீன் பையில் சுற்றிய காந்தத்தை அதில் பல தடவை ஓட்ட வேண்டும். செம்மண்ணில் இரும்புத் துகள் உண்டு, மோட்டார் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும். மலைக்குத் தெர்மாகோல் அடுக்கி, மேலே மருந்துக் கடையில் எலும்பு முறிவுக்கு விற்கும் பிஓபி பேண்டேஜை நனைத்துப் போர்த்தினேன். தெர்மாகோலை ஒட்டத் தண்ணீர் சேர்ந்த ஃபெவிகால் மட்டும்தான். ரப்பர் பசையும் ஸ்ப்ரே பெயின்ட்டும் அதைக் கரைத்துவிடும். மஞ்சள் பெயர்ப்பலகையில் தமிழ் மேலே, அடுத்து இந்தி, ஆங்கிலம். இதை லேசர் பிரிண்ட் எடுங்கள், இங்க்ஜெட் மை மழைக்கால ஈரத்தில் கசியும்.

செலவில் யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை. 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான சுங்கவரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் ஏறியது, மாடல் ரயிலும் அந்தத் தலைப்பில்தான் வருகிறது. எனவே வெளிநாட்டிலிருந்து தண்டவாளம், பாயின்ட், டிகோடர் மட்டும் வாங்குங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் உள்ளூர் வழி இருக்கிறது. தொடங்குகிறவர் 120 செ.மீ. பலகை ஒன்று, மூன்று பாயின்ட், ஒரு நல்ல இன்ஜின் என்று வைத்துக்கொண்டால் ஷண்டிங் முழுவதையும் பழகிவிடலாம். அடுத்த பலகையை அதோடு போல்ட் போட்டு எப்போது வேண்டுமானாலும் இணைக்கலாம். நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன்: ஆண்டிபட்டிக் கணவாய்க்கு ஒரு துண்டு தயாராகிறது. சட்டம் அடித்தாகிவிட்டது, அடிப்பக்கத்துக்கு இரண்டாவது கோட்டிங் அடிக்க வேண்டும்.