குமாமோட்டோ கோட்டை: வேலை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

ஜப்பானில் அத்தனை கோட்டைகள் இருக்க, பாதி இடத்தில் சாரம் கட்டியிருக்கிற கோட்டைக்கு எதற்குப் போக வேண்டும் என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டார்கள். போங்கள் என்றுதான் சொல்வேன். நிலநடுக்கச் சேதத்தைச் சரிசெய்யும் வேலை முழுவதும் முடிய 2037 ஆகும் என்றார்கள், இப்போது 2052 வரை தள்ளிப்போயிருக்கிறது.

2016 ஏப்ரலில் சுமார் 28 மணி நேர இடைவெளியில் இரண்டு பெரிய நிலநடுக்கங்கள். கூரை ஓடுகள் கொட்டின, மதில்கள் சரிந்தன, சரியாத இடங்களிலும் கல் பிதுங்கி நின்றது. பழுதுபார்க்க வேண்டிய கற்சுவர் மட்டும் மொத்தத்தில் சுமார் 30 சதவீதம்.

பெரியவர்களுக்கு டிக்கெட் 800 யென். தெற்கு வாசலில் நுழைந்தால் சுமார் 350 மீட்டர் நீளத்துக்கு, தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் ஒரு நடைபாலம் போகிறது, கீழே வேலை நடக்க நடக்க மேலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். மண்ணுக்கு அடியில் இருக்கும் பழைய எச்சங்கள் கெட்டுவிடக் கூடாது என்று இந்தப் பாலத்துக்குப் பள்ளமே தோண்டவில்லை, அஸ்திவாரத்தைத் தரைமேலேயே வைத்திருக்கிறார்கள்! அப்புறம் அந்தக் கற்கள். விழுந்த ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வரிசையாகக் கிடத்தி, பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, எந்தக் கல் எங்கே இருந்தது என்று கண்டுபிடித்து அதே இடத்தில் திரும்ப வைக்கிறார்கள். புதுக் கல்லை வெட்டி அடுக்கினால் எவ்வளவோ சீக்கிரம் முடிந்திருக்கும். நான் அதிக நேரம் நின்றது இங்கேதான்.

மதிலின் வளைவையும் நின்று பாருங்கள். அடியில் ஏறிவிடலாம் போல சரிவாகத் தொடங்கி, மேலே போகப் போக செங்குத்தாகிவிடுகிறது. 1607இல் இந்தக் கோட்டையைக் கட்டி முடித்த பிரபு காட்டோ கியோமாசாவின் வேலை. 1877இல் அரசை எதிர்த்துக் கிளர்ந்த சைகோ தகமோரியின் படை ஐம்பது நாளுக்கு மேல் முற்றுகையிட்டும் உள்ளே நுழைய முடியவில்லை. முற்றுகை தொடங்கச் சில நாள் முன்புதான் பிரதான கோபுரம் எரிந்துபோனது, எப்படித் தீப்பிடித்தது என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது.

இப்போது நிற்கும் கோபுரம் 1960இல் கான்கிரீட்டில் கட்டியது, நிலநடுக்கத்துக்குப் பின் சரிசெய்து 2021இல் மக்களை உள்ளே விட்டார்கள். கண்காட்சி நன்றாக இருக்கிறது, ஆனால் பழைய மரத்தூணும் மர வாசனையும் வேண்டுமென்றால் ஹிமேஜி கோட்டைக்குப் போக வேண்டும். இங்கே உண்மையிலேயே பழையது உட்டோ யாகுரா என்ற காவல் கோபுரம், 1877 தீயிலும் தப்பியது. பழுதுபார்ப்பதற்காக அதைப் பிரித்துவிட்டார்கள், பார்க்க முடியாததில் எனக்கு ரொம்பவே வருத்தம்.

சரி, வயதானவர்களைக் கூட்டிப்போகலாமா? தாராளமாக. பாலம் சமமாக இருக்கிறது, கோபுரத்துக்குள் லிஃப்ட் இருக்கிறது. ஹிமேஜியின் செங்குத்தான மரப்படிகளில் முட்டிவலியோடு ஏற முடியாதவர்கள்கூட இங்கே உச்சி மாடி வரை போய் நின்று ஊரைப் பார்க்கலாம்.