ராக்கில் கிடக்கும் 18 செட்: ஃபான்டம் அசெம்பிளி பயன்பாட்டு அனுபவம்

"டெர்மினல் பாக்ஸ், ஃபேன் கவர் செட் எல்லாத்தையும் ஃபான்டமா மாத்திடலாமா?" என்று கோவையில் மோனோபிளாக் பம்ப் செய்யும் இன்னொரு கம்பெனியில் பிளானிங் பார்க்கும் நண்பர் கேட்டார். ஃபான்டம் என்றால், தனி நம்பர் இருந்தாலும் தனக்கென்று ஆர்டரும் ஸ்டாக்கும் இல்லாமல், உதிரிகளை நேராக மேல் ஆர்டருக்கே தள்ளிவிடும் செட். ஒரு வரியில் பதில் சொன்னால் தப்பாகப் போய்விடும் என்பதால் விரிவாக எழுதுகிறேன். பிஓஎம் (ஒரு பொருளுக்கு வேண்டிய உதிரிகளின் பட்டியல்), எம்ஆர்பி (எந்த உதிரி எவ்வளவு வேண்டும் என்று சிஸ்டம் போடும் கணக்கு) எல்லாம் தெரிந்தவர்களுக்கானது இது. எந்த மென்பொருள் என்பது முக்கியமில்லை, பெயர்தான் மாறும். எஸ்ஏபியில் மெட்டீரியல் மாஸ்டரில் சிறப்புக் கொள்முதல் குறி 50. ஓடூவில் திரையில் 'கிட்' என்று காட்டும், உள்ளே புகுந்து பார்த்தால் அங்கேயும் பெயர் ஃபான்டம்தான்.

மாற்றியதும் என்ட்ரி வேலை பாதியாகக் குறைந்தது. டெர்மினல் பாக்ஸ் தனி சப் அசெம்பிளியாக இருந்தவரை அதற்கென்று ஒரு ஆர்டர், ஒரு மெட்டீரியல் இஷ்யூ (ஸ்டோரிலிருந்து உதிரி கொடுப்பது), ஒரு கன்ஃபர்மேஷன் (வேலை முடிந்தது என்ற பதிவு), ஒரு ஸ்டாக் வரவு, பிறகு பம்ப் ஆர்டருக்கு மறுபடி ஓர் இஷ்யூ. பெஞ்சில் நாலு நிமிட வேலைக்கு ஐந்து என்ட்ரி. ஃபான்டம் ஆனபின் பாக்ஸ், மூடி, கேஸ்கெட், டெர்மினல் ஸ்ட்ரிப், கெப்பாசிட்டர், கேபிள் கிளாண்ட், எம்4 ஸ்க்ரூ எல்லாம் பம்ப் ஆர்டரிலேயே நேராக வந்து உட்கார்ந்துவிடும். ஒரே பிக் லிஸ்ட்.

நான் எதிர்பார்க்காத இன்னொரு சுகம், டிசைன் மாற்றத்தில் கிடைத்தது. அதே பாக்ஸ் 14 மாடலில் போகிறது. கேஸ்கெட் மாறினால் ஒரு பிஓஎம்மில், இந்தத் தேதி முதல் என்று போட்டால் போதும், 14 மாடலும் மாறிவிடும். ஏற்கெனவே திறந்த ஆர்டர்கள் மட்டும் பழைய பட்டியலையே பிடித்துக்கொண்டிருக்கும். ஆர்டர் உருவாகும்போது எடுத்த நகல் அது, தானாக மாறாது. அன்றே 'எங்கெல்லாம் பயன்படுகிறது' பட்டியலை எடுத்து, திறந்திருக்கும் ஆர்டர்களில் பிஓஎம்மைத் திரும்பப் படிக்க வைக்க வேண்டும். இஷ்யூ ஆகிவிட்ட ஆர்டரைத் தொடாதீர்கள்.

இவ்வளவும் இருந்தும் இதன்மேல் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு: கட்டி முடித்து மிச்சம் நிற்கும் செட்.

ஃபான்டம் என்றால் ஸ்டாக்கே இருக்காது என்பது ஏட்டுக்கணக்கு. நிஜத்தில் காலையில் 200 பாக்ஸைக் கட்டி வைத்துவிடுவார்கள், மதியம் ஆர்டரை 182-இல் முடிக்கச் சொல்வார்கள். அல்லது ஹைட்ரோ டெஸ்ட்டில் கேசிங் கசிந்து பம்ப் ரிஜெக்ட் ஆகும், பாக்ஸ் மட்டும் முழுசாகத் திரும்பி வரும். ஸ்டோர்காரர் என்ன செய்வார்? செட் நம்பரிலேயே வரவு வைப்பார். அவர்மேல் தப்பில்லை.

எம்ஆர்பி பாடம் இதற்கு வழி சொல்கிறது: லீட் டைம் (தயாராக ஆகும் நாள்) பூஜ்யம், ஆர்டருக்கு வேண்டிய எண்ணிக்கை மட்டும், ஆனால் ஃபான்டத்தின் கையிருப்பை முதலில் கழித்துவிட்டு மீதியைத்தான் கீழே தள்ள வேண்டும். நாங்கள் ஓட்டும் மென்பொருள் கழிப்பதில்லை. ஃபான்டம் என்று குறித்தால் அந்த லெவலை எட்டிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போய்விடுகிறது.

கணக்காகவே பார்ப்போம். அடுத்த ஆர்டர் 200 பம்ப். ராக்கில் 18 செட். தனியாகக் கெப்பாசிட்டர் 190. கழித்திருந்தால் தேவை 182, வாங்க வேண்டாம், 8 மிச்சம். கழிக்காததால் தேவை 200, 10 கெப்பாசிட்டருக்குக் கொள்முதல் கோரிக்கை. பாக்ஸுக்கு 6 எம்4 ஸ்க்ரூ, எனவே 1,092-க்குப் பதில் 1,200. ஸ்க்ரூவில் யாருக்கும் வலிக்காது, கெப்பாசிட்டரில் வலிக்கும்.

இதைவிட மோசம் பேக்ஃப்ளஷ், அதாவது வேலை முடிந்ததும் பிஓஎம் கணக்குப்படி உதிரிகளைச் சிஸ்டமே ஸ்டாக்கில் கழிப்பது. லைனில் இருப்பவர் ராக்கில் தயாராக இருக்கும் 18 செட்டை எடுத்து மாட்டிவிடுவார். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். 200 பம்ப் கன்ஃபர்ம் ஆனதும் சிஸ்டம் 200 கெப்பாசிட்டரைக் கழிக்கும். இப்போது புத்தகத்தில் கெப்பாசிட்டர் 18 குறைவு, செட் 18 அதிகம். மொத்த மதிப்பு கிட்டத்தட்டச் சரியாகவே நிற்பதால் அக்கவுண்ட்ஸ் கேள்வி கேட்காது. ஸ்டாக் எடுக்கும் நாளில்தான் வெளியே வரும், அதற்குள் அந்த 18 எப்படி வந்தது என்று சொல்ல ஆள் இருக்காது.

எங்களுக்கு ஓரளவு வேலை செய்யும் வழி இது. எம்ஆர்பி ஓட்டுவதற்கு முன் ஃபான்டம் நம்பர்களின் ஸ்டாக் பட்டியலை எடுங்கள், பூஜ்யத்துக்கு மேல் இருக்கிற வரிகள் மட்டும். அந்த எண்ணிக்கையைப் புத்தகத்தில் மட்டும் பிரித்து உதிரிகளாக வரவு வையுங்கள்: 18 பாக்ஸ், 18 மூடி, 18 கெப்பாசிட்டர், 108 ஸ்க்ரூ, மற்றதும் இப்படியே. இப்போது கெப்பாசிட்டர் 208, கொள்முதல் எழாது, பேக்ஃப்ளஷும் சரியாக இறங்கும். செட்டைக் கையால் பிரிக்காதீர்கள், கேஸ்கெட் கிழியும். கட்டியபடியே வைத்து, 'உதிரியாகக் கணக்கில் உள்ளது' என்று டேக் மாட்டுங்கள். இந்த டேகை மறந்தால் ஸ்டாக் எடுப்பவர் மறுபடி 18 செட் என்று எழுதிவிடுவார், கதை ஆரம்பத்துக்கே போய்விடும். ஒரு ஆர்டருக்கு மட்டும் என்றால், ஆர்டருக்குள் போய் உதிரி வரிகளை 182-க்குக் குறைத்து, 18 செட்டை ஸ்டாக் ஐட்டமாகக் கையால் சேர்க்கலாம். வாரத்துக்கு ஒன்று என்றால் சரி, அதற்குமேல் தாங்காது.

மற்ற தொல்லைகள் சின்னவை. ஃபான்டம் வரியை ரூட்டிங்கில் (வேலைப்படிகளின் வரிசையில்) எந்த ஆபரேஷனில் மாட்டுகிறோம் என்று சொல்லாவிட்டால், உதிரிகள் முதல் ஆபரேஷனிலேயே ஒட்டிக்கொள்ளும். நாலு நாள் ஆர்டரில் மூன்றாம் நாள் வேண்டிய கெப்பாசிட்டரை முதல் நாளே கேட்கும், ஸ்டோரில் 'பற்றாக்குறை' சிவப்பு விழும். ஃபான்டத்தின் சொந்த ரூட்டிங்கும் ஆர்டருக்குள் வராது. அந்த நாலு நிமிடத்தைப் பம்ப் ரூட்டிங்கில் சேர்க்க மறந்தால் காஸ்டிங்கில் கூலி காணாமல் போகும். ஒரே எம்4 ஸ்க்ரூ ஃபான்டம் வழியாக 6-ம், ஃபேன் கவருக்கு நேரடியாக 4-ம் வந்தால் பிக் லிஸ்ட்டில் இரண்டு வரி, 1,200-ம் 800-ம். கொடுப்பவர் முதல் வரியைக் கொடுத்துவிட்டு, இரண்டாவது வரியைப் பார்த்ததும் 'கொடுத்தாச்சு' என்று டிக் போட்டுவிடுவார். பிரிண்ட் எடுக்கும்போது ஐட்டம் வாரியாகக் கூட்டி எடுங்கள்.

ஒன்றே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போய் வரும் எதையும் ஃபான்டம் ஆக்காதீர்கள். ஒயின்டிங் செய்த ஸ்டேட்டர்தான் நம் ஊரில் பெரிய உதாரணம். ஸ்டாம்பிங்கும் செம்புக் கம்பியும் டெலிவரி சலானில் போகும். சிஜிஎஸ்டி சட்டம் பிரிவு 143-ன்படி அனுப்பிய இன்புட் ஒரு வருடத்துக்குள் திரும்ப வர வேண்டும். திரும்பி வரும் ஸ்டேட்டருக்கு ஐட்டம் நம்பரும் ஸ்டாக்கும் இருந்தால்தான் எது வந்தது, எது பாக்கி என்று காட்ட முடியும். ஃபான்டத்தில் அது நடக்காது. ஸ்பேர்ஸாகத் தனியே விற்கும் செட்டும் அப்படித்தான்.

நண்பருக்கு என் பதில்: ஃபேன் கவர் செட்டை மாற்றுங்கள், யோசிக்கவே வேண்டாம். மாட்டும்போதுதான் அது சேருகிறது, யாரும் முன்கூட்டிக் கட்டி அடுக்குவதில்லை. டெர்மினல் பாக்ஸைப் பற்றி, மேலே இவ்வளவு புகழ்ந்தபிறகும், இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த ஐந்து என்ட்ரியையே போட்டுத் தொலைக்கலாம் போலிருக்கிறது. கேஸ்கெட் மாறிய வாரத்தில் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், பாக்ஸ் கட்டும் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கும் ராக்கை முதலில் எடுத்துவிடுங்கள்.