எந்த நிலத்துக்கு எந்த வானிலை: நெல்லைச் சீமையில் ஓர் ஒப்பீடு

‘கர்ணனுக்குப் பின் கொடையில்லை, கார்த்திகைக்குப் பின் மழையில்லை’ என்பது நெல்லைச் சீமையில் பிசானப் பருவ நெல் நடுகிறவர்கள் பாட்டன் காலத்திலிருந்து கேட்டு வளர்ந்த கணக்கு. 2023ஆம் ஆண்டின் மார்கழி முதல் நாள், அதாவது டிசம்பர் 17 அன்று, அந்தக் கணக்கு பொய்த்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைமீறியது, குளங்கள் உடைந்தன, நட்ட வயல்களில் மணல் படிந்தது.

பழமொழியை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோலில் ஒரே நாளில் 20.45 செ.மீ.யும் அதற்கு மேலும் பெய்யும் மழை அனைத்தும் ‘அதிகனமழை’ என்ற ஒரே பெயரில் அடங்கிவிடும். சிவப்பு எச்சரிக்கைக்கு மேல் வேறு நிறமும் இல்லை. ஆகவே 21 செ.மீ. பெய்யப்போகிறது என்றாலும் 95 செ.மீ. பெய்யப்போகிறது என்றாலும் குளத்துக்கரையில் நிற்பவரை வந்தடையும் சொல் ஒன்றுதான். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது என்பதால், குறைந்த நேரத்தில் கொட்டித்தீர்க்கும் மழையை இனி அபூர்வமென்று ஒதுக்கவும் முடியாது.

பஞ்சாங்கம், அரசின் வேளாண் வானிலை அறிக்கை, யூடியூப் வாட்ஸ்அப் வழி வரும் தனியார் கணிப்பு, நேரில் அல்லது தொலைபேசியில் கிடைக்கும் ஆள்வழி ஆலோசனை என்று இன்று விவசாயியின் முன் நான்கு வழிகள் உள்ளன. எது துல்லியம் என்று கேட்பதைவிட, எந்த முடிவை எத்தனை நாள் முன்கூட்டி எடுக்க எது உதவும் என்று கேட்பதே பயனுள்ளது என்பது என் எண்ணம்.

சித்திரை முதல் நாளில் வாசிக்கப்படும் பஞ்சாங்கம் ‘இத்தனை மரக்கால் மழை’ என்று சொல்வது பாபநாசத்துக்கும் திசையன்விளைக்கும் ஒன்றே. ஒரு பக்கம் மலையடிவார ஆற்றுப் பாசனம், மறுபக்கம் தேரி எனப்படும் செம்மணல் மேடு என்ற வேறுபாட்டை அது அறியாது. மார்கழியில் சூரியன் பூராடத்தில் நிற்கும் நாட்களில் மேகத்தைக் கவனித்துக் குறித்துக்கொள்ளும் கர்ப்போட்டக் கணக்காவது வானத்தைப் பார்த்துச் சொல்கிறது. ஆயினும் இரண்டும் பருவங்கள் தத்தம் தேதியில் வந்துசேரும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்பவை. உழவு, விதை, ஆள் ஆகியவற்றை நேரத்தோடு ஆயத்தம் செய்ய வைக்கும் ஒழுங்குக்காக மட்டுமே நான் நாட்காட்டிக்கு மதிப்பெண் தருவேன். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதுகூட இங்குள்ள கரிசலுக்குப் பொருந்தாது. அங்கே புரட்டாசிப் பட்டம்தான் பேச்சு.

செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வெளிவரும் அரசு அறிக்கை அடுத்த ஐந்து நாட்களுக்கான மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று ஆகியவற்றைத் தந்து, அதனோடு மேலுரத்தைத் தள்ளிப்போடுங்கள், மருந்தடிப்பை நிறுத்துங்கள், வடிகாலைத் திறந்துவிடுங்கள் என்று பயிர்வாரியாகச் சொல்கிறது. செய்ய வேண்டிய வேலையை இப்படி எடுத்துச் சொல்லும் வழி வேறில்லை. யூரியா இட்ட மறுநாள் பெய்யும் மழை எவ்வளவு பணத்தை வாய்க்காலில் கொண்டுபோகும் என்பதை அறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள். குறை, அதன் பரப்பில் இருக்கிறது. மலைமேல் உள்ள மாஞ்சோலையும் ஊத்தும் நனைந்துகொண்டிருக்கும் தென்மேற்குப் பருவத்தில் கீழே சமவெளியில் வெயில் அடிக்கும். வட்டாரம் முழுவதற்கும் ஒரே எண்ணைச் சொன்னால் மலைக்கும் பொருந்தாது, வயலுக்கும் பொருந்தாது. நாடெங்கும் வேளாண் அறிவியல் நிலையங்களில் இயங்கிவந்த ஏறத்தாழ 200 மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் 2024இல் மூடப்பட்டதும், ஊர்நிலையை அறிந்து அறிக்கை எழுதும் கைகளைக் குறைத்துவிட்டது.

தனியார் கணிப்பாளர்களின் பலம் வேகமும் மொழியும். அம்பாசமுத்திரம், களக்காடு, மானூர் என்று ஊர்ப்பெயர் சொல்லி நள்ளிரவிலும் பேசுகிறார்கள். அவர்களைப் பின்தொடரும் குழுக்களில் காலையில் அணை நிலவரமும் வந்துவிடுகிறது. ஆற்றுப் பாசனக்காரருக்கு உண்மையில் வேண்டியது அதுவே: 143 அடி கொண்ட பாபநாசம் அணையிலும் 118 அடி கொண்ட மணிமுத்தாறு அணையிலும் எவ்வளவு நிற்கிறது, எவ்வளவு திறக்கிறார்கள் என்ற விவரம் தெரிந்தால் கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் நாற்றங்கால் பாவும் நாளையும் நடவையும் தீர்மானித்துவிடலாம். அவர்களுக்கு வானத்தைவிட அணைதான் வானிலை. ஆனால் பார்வையாளர் எண்ணிக்கையில் பிழைக்கும் ஒரு தொழில் அச்சத்தை ஊதிப் பெரிதாக்கும் ஆசையிலிருந்து முழுவதும் தப்ப முடியாது. மேலும், மழை வருகிறது என்பதோடு பேச்சு நின்றுவிடும், பயிருக்கு என்ன செய்வது என்பது வராது.

கரிசல் மானாவாரிக்காரரின் நிலைமை வேறு. உளுந்து, பாசி, சோளம், பருத்தி ஆகியவற்றை அவர் மழைக்கு முன்பே விதைக்க வேண்டியிருக்கிறது. ஒரு தூறலில் விதை முளைத்து, பின் பத்து நாள் வானம் காய்ந்தால் மறுவிதைப்புதான். விதைச்செலவும் உழவுக்கூலியும் இரட்டிப்பாகும். இங்கே ஐந்து நாள் அறிக்கை போதாது, யூடியூபும் போதாது. வியாழக்கிழமைதோறும் வானிலைத் துறை வெளியிடும் நீட்டித்த முன்னறிவிப்பு வாரக்கணக்கில் பேசுவதால் அதுவே பொருத்தமானது என்றாலும், அது பெரும் பரப்புக்கான பொதுப்போக்கை மட்டுமே தருகிறது. கணிப்பு தளரும் இந்த இடத்தில் சோளவிதையைப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2 சதவீதக் கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திக் கடினப்படுத்தி விதைப்பது எந்த அறிக்கையைவிடவும் நிச்சயமான காப்பு.

களக்காடு, ஏர்வாடிப் பக்கத்து ஏத்தன் (நேந்திரன்) வாழைக்காரரையோ யாருமே சரியாகக் கவனிக்கவில்லை. அவருடைய பகை மழையன்று, காற்று. தார் தள்ளிய வாழை ஒரு மாலைச் சூறையில் சாய்ந்தால் ஓராண்டு உழைப்பு போயிற்று. அறிக்கையில் காற்றின் வேகம் இருக்கிறது. திடீரென்று வீசும் சூறையின் வேகம் இருப்பதில்லை. இரண்டு நாள் முன்பு சொன்னாலும் சவுக்குக் கம்புக்கும் முட்டுக்கொடுக்கும் ஆளுக்கும் அதற்குள் ஏற்பாடு செய்ய முடியாது. அவருக்கு ஆலோசனையைவிட முன்கூட்டியே நட்ட கம்பும் காற்றுத்தடுப்பு மரமும்தான் பயன்படும்.

நான்காவது வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மைய எண்ணில் தமிழில் பேசலாம். ஊரில் வேளாண் உதவி அலுவலரைச் சந்திக்கலாம். இந்த வழியில்தான் விவசாயி திருப்பிக் கேள்வி கேட்க முடிகிறது. அரசு அறிக்கையின் குறுஞ்செய்தி பல இடங்களில் நிலவுடைமையாளரின் எண்ணுக்குப் போய்விட, விளைச்சலில் பங்கு தந்து வாரத்துக்குப் பயிரிடுபவருக்கும் களையெடுக்கும் பெண்களுக்கும் அது எட்டாமல் போவதை இந்த வழியாவது ஓரளவு ஈடுசெய்கிறது.

ஊராட்சி அளவிலான முன்னறிவிப்பு 2024 அக்டோபரில் தொடங்கியது. 2025 மே மாதம் முதல் 6 கி.மீ. கட்டங்களாகக் கணிக்கும் புதிய முறையும் வந்திருக்கிறது. கட்டம் சிறியதாவதால் மட்டும் நம்பிக்கை கூடிவிடாது. கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் மேல் ஒரு மழைமானியை வைத்து, வாசல் பலகையில் சொன்ன மழையையும் பெய்த மழையையும் நாள்தோறும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவந்தால், ஒரு ஐப்பசி முடிவதற்குள் எந்தக் கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதை அந்த ஊரே சொல்லிவிடும்.