கோனார்க்கா, மொதேராவா?

காரைக்குடி வீட்டு வளவில் வெயில் எந்தத் தூணைத் தொடுகிறது என்று பார்த்தே ஆச்சி மணி சொல்வார், அதனால்தானோ என்னவோ ஒடிசாவின் கோனார்க் சூரியன் கோயில் சக்கரம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது: எட்டுப் பெரிய ஆரக்கால்கள், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் மூன்று மணி நேரம், அச்சின் நிழல் விழும் இடம்தான் நேரம். 13ஆம் நூற்றாண்டில் மன்னன் நரசிம்மதேவன் கட்டிய கோயில். 24 சக்கரம், 7 குதிரை, கோயிலே தேர். ஆனால் கருவறை விமானம் இடிந்தே போச்சு.

குஜராத்தின் மொதேரா சூரியன் கோயில் அதற்கு 200 வருடம் மூத்தது. சக்கர வேலைப்பாடெல்லாம் கிடையாது, சரி, ஆனால் பகலும் இரவும் சமமாகிற மார்ச், செப்டம்பர் நாட்களில் உதயச் சூரியன் மண்டபத்தைத் தாண்டி நேரே கருவறைக்குள் வருகிற மாதிரி திசை பிடித்திருக்கிறார்கள். உள்ளே சிலை இல்லை, வெளிச்சம் மட்டும் வரும். முன்னால் படிப்படியாக இறங்கும் குளம் வேறு. என் ஓட்டு மொதேராவுக்கே.