உதட்டு ஃபில்லர் கட்டிகளுக்குச் சிகிச்சை: பாலக்காட்டுத் தோல் மருத்துவமனை ஒன்றின் சேவை

உதட்டைப் பருமனாக்கப் போடும் ஃபில்லர் ஊசிக்குப் பின் என் தங்கையின் மேலுதட்டில் மிளகளவில் தங்கிவிட்ட கட்டியைக் காட்ட, கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டுக்குச் சென்றோம். ஊசி போட்ட அழகு நிலையம் அழுத்தித் தேய்க்கச் சொன்னதோடு கைகழுவிவிட்டது. பாலக்காட்டுத் தோல் மருத்துவமனையின் மருத்துவரோ, கையுறையணிந்து உதட்டை உள்ளும் புறமுமாக விரல்களிடையே பிடித்துத் தடவிப் பார்த்து, முதல் 2 வாரங்களில் தெரியும் மேடுபள்ளம் பெரும்பாலும் வீக்கமே என்றும், அதற்குப் பிறகும் நீடிக்கும் ஹயலூரானிக் அமில வகை ஃபில்லர் கட்டியை, அதைச் சிதைக்கும் நொதியான ஹயலூரானிடேஸ் ஊசியால் கரைக்கலாம் என்றும், வேறு வகை ஃபில்லர்களுக்கு அது பயன்படாது என்றும் தமிழிலேயே விளக்கினார். ஒவ்வாமை பற்றி விசாரித்த பிறகே அந்த ஊசியைப் போட்டார். சில நாட்களில் உதடு சமமாயிற்று. உதடு வெளுத்துக் கடுமையாக வலித்தால் ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம், தாமதியாமல் வரவேண்டும் என்று எழுதியும் கொடுத்தார்கள். கட்டணத்தை முன்கூட்டியே சொல்லாததுதான் குறை.