வேலை உரிமையைக் காட்டும் வீவோ, வேலை நேரத்தை எண்ணாது

ஆஸ்திரேலியாவுக்குப் படிக்க வந்து, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கைகொடுக்க ஒரு கேஷுவல் வேலை தேடும் மாணவர்கள் முதலில் பழகிக்கொள்ள வேண்டிய இணையச் சேவை, அந்நாட்டு உள்துறையின் வீவோ (VEVO). 2015 செப்டம்பர் முதல் கடவுச்சீட்டில் விசா ஒட்டும் வழக்கமே அங்கு இல்லை என்பதால், நமக்கு வேலை செய்ய அனுமதி உண்டா, எந்த நிபந்தனைகளோடு உண்டு என்பதை இதில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. விசாவைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று எவராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

கடவுச்சீட்டு விவரங்களையும் விசா அனுமதிக் கடிதத்தில் உள்ள எண்ணையும் பதிந்தால், விசாவின் பிரிவு, முடியும் நாள், நிபந்தனைகள் ஆகியவை ஒரே பக்கத்தில் வந்துவிடுகின்றன. நான் பெரிதும் பயன்படுத்தியது, அந்தப் பக்கத்தை அங்கிருந்தே மின்னஞ்சலில் அனுப்பும் வசதியை. வேலைக்கு எடுக்கவிருந்த ஓர் உணவகத்தின் மேலாளர் கடவுச்சீட்டை முழுவதுமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னபோது, அதற்குப் பதிலாக இதை அனுப்பினேன். அவரும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். கடவுச்சீட்டைப் புதுப்பித்தவர்கள் மட்டும் புதிய எண்ணை உள்துறையிடம் தெரிவித்துவிட்டுத் தேடுவது நல்லது.

500ஆம் பிரிவு மாணவர் விசாவில் வரும் 8105 என்ற நிபந்தனை, பாடங்கள் நடக்கும் காலத்தில் இரு வாரங்களுக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்கிறது. இந்த அளவு 2023 ஜூலை 1 அன்று வந்தது. பெருந்தொற்றுக் காலத் தளர்வுக்கு முன்பு அது 40 மணி நேரமாக இருந்ததால், 'வாரத்துக்கு 20 மணி நேரம்' என்ற பழைய கணக்கை இன்னமும் சொல்லித் தரும் சீனியர்கள் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய குழப்பம் 'இரு வாரம்' என்ற சொல்லில் இருக்கிறது. எனக்குச் சம்பளம் இரு வாரத்துக்கு ஒருமுறை வந்ததால், சம்பளச் சீட்டை வைத்தே நெடுநாள் கணக்குப் பார்த்து வந்தேன். ஆனால் சட்டத்தின் கணக்கில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு புதிய 14 நாள் தொடங்குகிறது. முதல் வாரம் 10, அடுத்த வாரம் 30, அதற்கடுத்த வாரம் 20 மணி நேரம் என்று ஷிப்ட் கிடைத்தால், முதல் இரு வாரங்களின் 40 சரி. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்த 50 மீறல். சம்பளச் சீட்டில் இது தெரியவே தெரியாது.

வீவோவின் குறையும் இங்கேதான். வரம்பைச் சொல்லும் அந்தப் பக்கத்தில், இப்படி ஒரு சிறு எடுத்துக்காட்டைச் சேர்ப்பது கடினமான காரியமல்ல. நம் பல்கலைக்கழகத்தின் பருவ விடுமுறை எப்போது தொடங்குகிறது என்பதும் அதற்குத் தெரியாது. விடுமுறையில் மணிக்கணக்கு வரம்பு கிடையாது என்றாலும், தேர்வுக் காலம் பாடக் காலத்தில்தான் சேரும் என்பதை மாணவரே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் இப்போது ஒரு நோட்டில் திங்கள்தோறும் கோடு போட்டு எழுதி வருகிறேன்.

கணவனும் மனைவியுமாக வந்திருப்பவர்கள் இருவரின் பக்கங்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும். மாணவரோடு வந்திருக்கும் துணைவருக்கு 8104 என்ற வேறொரு நிபந்தனை உண்டு. படிப்பவர் முதுகலை வகுப்பைத் தொடங்கிவிட்டால், உடன் வந்த துணைவருக்கு இந்த 48 மணி நேர வரம்பு பொருந்தாது.