எண்ணெய் மின்மாற்றியா, உலர் மின்மாற்றியா?

அடுக்குமாடிக் குடியிருப்புக்கு 11 கிலோவோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கும் மின்மாற்றியை வாங்கும்போது, சங்கங்கள் பெரும்பாலும் விலைப்புள்ளிகளையே முதலில் ஒப்பிடுகின்றன. மின்மாற்றி எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்பதை அதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தெருவோரம் நாம் அன்றாடம் காண்பவை எண்ணெய் வகை. சுருள்களும் இரும்பு உள்ளகமும் கனிம எண்ணெயில் மூழ்கியிருக்க, அந்த எண்ணெயே மின்காப்பாகவும், சூட்டைத் தொட்டியின் பக்கவாட்டுக் குழாய்களுக்குக் கொண்டுசேர்க்கும் ஊடகமாகவும் வேலை செய்கிறது. மழையும் வெயிலும் இதற்குப் பொருட்டல்ல. எண்ணெய் சூடேற நேரமெடுப்பதால் சிறிது நேர மிகைச்சுமையையும் தாங்கும். சுருள் எரிந்தாலும் பட்டறையில் மறுபடி சுற்றிவிடலாம். ஆனால் எண்ணெயில் கொஞ்சம் ஈரம் சேர்ந்தாலே காப்புத்திறன் வெகுவாகச் சரிந்துவிடும் என்பதால், பிரீதரில் (தொட்டிக்குள் போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குப்பியில்) உள்ள நீல நிற சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பல இடங்களில் ஒருவரும் பார்ப்பதில்லை என்பது வருத்தத்திற்குரியது. அதைவிடப் பெரிய குறை, கனிம எண்ணெயின் ஆவி சுமார் 140 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றக்கூடியது என்பதுதான்.

எப்பாக்சி பிசினில் வார்த்த சுருள்களைக் கொண்ட உலர் வகையில் கசியவோ கொழுந்துவிட்டு எரியவோ எண்ணெய் இல்லை. எண்ணெய் வகையின் காகிதக் காப்பு 105 டிகிரி வகுப்பைச் சேர்ந்தது. எஃப் வகுப்புப் பிசின் காப்போ 155 டிகிரி வரை தாங்கும். வீடுகளுக்கு அடியில், ஆட்கள் நடமாடும் கட்டடத்துக்குள் வைப்பதானால் உலர் வகையைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். விலை கூடுதலாக இருந்தாலும் சரி. எனினும் காற்றே இதைக் குளிர்விக்கிறது என்பதால், காற்றோட்டமற்ற அறையிலோ தூசி படியும் மூலையிலோ வைத்தால் ஆயுள் குறையும். வார்த்த சுருள் பழுதானால் பெரும்பாலும் அந்தச் சுருளையே மாற்ற நேரும்.

கனிம எண்ணெய்க்குப் பதிலாக, தாவர எண்ணெயிலிருந்து பெறப்படும் எஸ்டர் திரவத்தை நிரப்புவது இவற்றுக்கு இடைப்பட்ட வழி. அது தொடர்ந்து எரியும் வெப்பநிலை 300 டிகிரிக்கும் மேல்.

எந்த வகையானாலும், சுமையற்ற இழப்பு (யாரும் மின்சாரம் எடுக்காதபோதும் மின்மாற்றியே வீணாக்குவது), முழுச்சுமை இழப்பு (முழு அளவில் மின்சாரம் எடுக்கும்போது வீணாவது) இரண்டையும் வாட் கணக்கில் விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். சுமையற்ற இழப்பு 100 வாட் கூடுதலாக இருந்தால், ஊரே உறங்கும் வேளையிலும் அது ஓடி, ஆண்டுக்கு 876 யூனிட்டை விழுங்கிவிடும்.